மெஷின் காபியில் ஏன் திடம் இல்லை?

3 ஜூலை. பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒருவரின் கேள்வி

வீட்டுக்கு எஸ்பிரெசோ மெஷின் வாங்கியாகிவிட்டது. 15 பார் பம்ப் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. கடையில் அரைத்துத் தந்த பொடியை மெஷினின் சல்லடைக் கூடை நிறையப் போட்டு, டம்ளர் பாதி நிறையும் வரை ஓடவிடுகிறேன். கசப்பு வருகிறது, திடம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் கூடுதல் ஸ்ட்ராங்காக வரும் என்று பார்த்தால் கசப்புதான் ஏறுகிறது. வீட்டு மெஷினுக்கு பிரஷர் போதாது, ஹோட்டல் மெஷின் இருந்தால்தான் திடமான காபி என்பது என் முடிவு. சரிதானே?

3 ஜூலை, இரவு. என் பதில்

இல்லை. பிரஷர் உங்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் 15 பார் என்பது அந்த பம்ப் அதிகபட்சம் தள்ளக்கூடிய பிரஷர். எஸ்பிரெசோவுக்குப் பொடியின் மேல் வேண்டியது 9 பார்தான், ஹோட்டல் மெஷினிலும் அதே 9தான். 15ஐ முழுசாகக் கொடுத்தால் தண்ணீர் பொடிக்குள் எங்காவது ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு அது வழியாக ஓடிவிடும், மற்ற இடத்துப் பொடி சும்மா நனைந்து கிடக்கும். நல்ல மெஷின்களில் மிச்சத்தைத் திருப்பிவிட ஒரு வால்வு இருக்கும்.

உங்கள் பிரச்சினை "டம்ளர் பாதி நிறையும் வரை" என்பதில் இருக்கிறது. அவ்வளவு தண்ணீர் எதற்கு?

4 ஜூலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் சுருக்கமாக விட்டுவிட்டேன், இப்போது விவரமாக.

காபியில் "ஸ்ட்ராங்" என்று நாம் சொல்வதில் இரண்டு சங்கதிகள் கலந்திருக்கின்றன. பொடியிலிருந்து எவ்வளவு சத்து இறங்கியது என்பது ஒன்று. இறங்கியது எவ்வளவு தண்ணீரில் கரைந்திருக்கிறது என்பது இன்னொன்று. அதிக நேரம் ஓடவிட்டால் முதலாவது கொஞ்சம் கூடும், இரண்டாவது மளமளவென்று இறங்கும். அதோடு கடைசியாக இறங்குவதெல்லாம் வறட்டுக் கசப்புதான்.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 18 கிராம் பொடி, கோப்பையில் 36 கிராம் காபி, இதுதான் வழக்கமான டபுள், அதாவது இரட்டை எஸ்பிரெசோ. அதில் 20 சதவீதம் கரைந்தது என்று வையுங்கள்: 3.6 கிராம் சத்து 36 கிராமில், ஆக 10 சதவீதத் திடம். அதே பொடியில் 90 கிராம் வரை ஓடவிட்டால் 22 சதவீதம் கரையும் என்றே வைத்துக்கொள்வோம், சுமார் 4 கிராம் சத்து 90 கிராமில். 4.4 சதவீதம்! நேரமும் மின்சாரமும் செலவழித்து, திடத்தைப் பாதிக்கும் கீழே இறக்கி, கசப்பையும் வாங்கிக்கொண்டு வருகிறீர்கள்.

ஆகவே முதல் வேலை, 0.1 கிராம் காட்டும் சின்ன எடை மெஷின் ஒன்று வாங்குங்கள். கண்ணால் அளப்பது இங்கே வேலைக்காகாது, மேலே நுரை நிற்பதால் 30 மில்லி என்று தெரிவது பல நேரம் 20தான். பொடியை எடை போடுங்கள், டம்ளரை எடை மேல் வைத்து இறங்கும் காபியையும் எடை போடுங்கள். ஒன்றுக்கு இரண்டு என்பது ஆரம்ப விகிதம். 25 முதல் 30 நொடிக்குள் அது இறங்க வேண்டும்.

10 நொடியில் கடகடவென்று இறங்கிவிட்டால்? அடுத்த விஷயம் அதுதான். சாயங்காலம் எழுதுகிறேன், மழை வரும் போலிருக்கிறது, மாடியில் துணி கிடக்கிறது.

4 ஜூலை, சாயங்காலம்

பொடி. கடையில் அரைத்து வாங்கும் ஃபில்டர் பொடி எஸ்பிரெசோவுக்குப் பெரிதான அரைப்பு, தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். மெஷின் கம்பெனிக்காரர்களுக்கும் இது தெரியும், அதனால்தான் கூடவே இரட்டை அடி வைத்த கூடை தருகிறார்கள். உங்கள் கூடையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே நூற்றுக்கணக்கில் துளை, வெளியே ஒரே ஒரு ஊசித் துளை என்றால் இரட்டை அடிதான். பிரஷரை அந்த ஒற்றைத் துளை உண்டாக்குகிறது, பொடி இல்லை. மேலே வரும் நுரையும் அந்தத் துளை அடித்த நுரை. பார்க்க அழகாக இருக்கும், வாயில் வைத்தால் ஒன்றும் இருக்காது.

ஒற்றை அடிக் கூடை தனியாகக் கிடைக்கிறது. வாங்கும் முன் கூடை உட்காரும் உங்கள் மெஷின் கைப்பிடி 51 மில்லிமீட்டரா, 54ஆ, 58ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கூடைக்கு அதற்கேற்ற அரைப்பு வேண்டும். மிக்ஸியில் அரைக்கலாமே என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், கூடாது. மிக்ஸி பிளேடு கொட்டையை வெட்டித் தள்ளுகிறது, பாதி மாவாகவும் பாதி ரவையாகவும் வரும். மாவு கசக்கும், ரவை புளிக்கும், இரண்டும் ஒரே டம்ளரில். பல் சக்கரம் வைத்த கிரைண்டர்தான் வேண்டும். எஸ்பிரெசோ அளவுக்கு நைசாக அரைக்கும் கைச்சுற்று கிரைண்டர் போதும், காலையில் புஜத்துக்கும் வேலை.

மெஷினுக்குப் போட்ட பணத்தில் பாதியையாவது கிரைண்டருக்கு ஒதுக்கியிருக்க வேண்டும். எந்த விற்பனைக்காரரும் இதைச் சொல்லமாட்டார்.

5 ஜூலை

எலஹங்காவிலிருந்து ஒருவர்: "பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதனால்தான் காபி சாறு இறங்கவில்லையோ?"

யோசனை நல்லதுதான், ஆனால் எஸ்பிரெசோவுக்கு வேண்டியதே 90இலிருந்து 96 வரைதான். நம் ஊர் கொதிநிலை அதற்கு மேலேதான் இருக்கிறது. மலையைக் குறை சொல்லாதீர்கள்.

சூட்டில் உண்மையான பிரச்சினை வேறு. சின்ன மெஷின்கள் இரண்டு நிமிடத்தில் ரெடி என்று விளக்கு காட்டும், தண்ணீர் மட்டும்தான் ரெடி. கைப்பிடி இன்னும் ஜில்லென்று இருக்கும், அந்த உலோகம் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் முதல் காபி புளிப்பாகவும் மெலிசாகவும் இறங்கும், இரண்டாவது நன்றாக இருக்கும், வீட்டில் முதல் டம்ளர் யாருக்கு என்று ஒரு அரசியலே நடக்கும். கூடையையும் கைப்பிடியையும் மாட்டிப் பொடி இல்லாமல் ஒருமுறை வெந்நீரை ஓடவிடுங்கள். அதே வெந்நீரில் டம்ளரையும் கழுவுங்கள். எவர்சில்வர் டம்ளர் குளிர்ந்திருந்தால் 36 கிராம் காபியை நொடியில் ஆறவைத்துவிடும்.

6 ஜூலை, ஞாயிறு

இன்று நிதானமாகப் போட்டேன், அதை அப்படியே சொல்கிறேன்.

18 கிராம் பொடி கூடையில். மேலே கூம்பாக நிற்கிறது. ஒரு கார்க்கில் மூன்று நான்கு ஊசி செருகி வைத்திருக்கிறேன், அதனால் பொடியை அடிவரை கிளறிக் கட்டிகளை உடைத்துச் சமமாக்குகிறேன். பிறகு பொடியை அழுத்தும் டேம்பரால் நேராக ஒரே அழுத்து. இங்கே பலத்தைக் காட்ட வேண்டியதில்லை, சாயாமல் இருந்தால் போதும். சாய்ந்தால் தண்ணீர் தாழ்ந்த பக்கம் ஓடிவிடும். கைப்பிடியை மாட்டிப் பொத்தானை அமுக்கினால் ஏழெட்டு நொடிக்கு ஒன்றும் வராது. மெஷின் மட்டும் முனகும். அப்புறம் கைப்பிடியின் மூக்கில் கருஞ்சொட்டு கட்டி, சொட்டு நூலாகி, நல்லெண்ணெய் ஊற்றுகிற மாதிரி கனமாக வளைந்து இறங்கும். நிறம் அடர்பழுப்பிலிருந்து மெல்ல வெளுத்துக்கொண்டே வரும். வைக்கோல் நிறத்துக்கு வருவதற்குள் நிறுத்திவிட வேண்டும்.

நடுவில் சர்ரென்று பீய்ச்சினால் கிளறியது போதவில்லை. சொட்டுச் சொட்டாகவே ஒரு நிமிடம் அழுதால் அரைப்பு ரொம்ப நைசு. ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பொடி எடையையும் காபி எடையையும் நிலையாக வைத்துக்கொண்டு அரைப்பை மட்டும் நகர்த்துங்கள். புளித்தால் இன்னும் நைசு, வறட்டுக் கசப்பு என்றால் கொஞ்சம் பெரிது. ஜூன், ஜூலை ஈரக்காற்றில் நேற்று சரியாக இருந்த அரைப்பு இன்று மக்கர் பண்ணும், அதற்காக மெஷினைத் திட்ட வேண்டாம்.

6 ஜூலை, மதியம்

மல்லேஸ்வரத்தில் வீட்டுக்கு வந்திருக்கும் என் மாமியார் கும்பகோணம். அந்த அழகான எஸ்பிரெசோவில் நீல பாக்கெட் டோன்ட் பாலை ஸ்டீம் பண்ணி ஊற்றி, மேலே இலையெல்லாம் வரைந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "மாப்பிள்ளை, படமெல்லாம் நன்னா இருக்கு, காபியைத்தான் காணோம்" என்றார்.

அவர் சொன்னது நியாயம். மதியம் முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

7 ஜூலை

மாமியார் தீர்ப்புக்குப் பிறகு பால் கணக்கு.

இங்கே சிலர் "ரிஸ்ட்ரெட்டோ போடுங்கள், 18 கிராமுக்கு 24 கிராமிலேயே நிறுத்துங்கள், திக்காக இருக்கும்" என்று எழுதியிருந்தார்கள். கறுப்பாகக் குடிப்பவருக்கு அது சரி. 17 சதவீதம் கரைந்தால் 3 கிராம் சத்து 24 கிராமில், 12.5 சதவீதத் திடம். ஆனால் 120 மில்லி பால் ஊற்றும்போது விஷயம் தலைகீழாகிறது. வழக்கமான டபுளில் 3.6 கிராம் சத்து மொத்தம் 156 கிராமில், 2.3 சதவீதம். ரிஸ்ட்ரெட்டோவில் 3 கிராம் 144 கிராமில், 2.1. திக்காக இறக்கியதுதான் பாலில் மெலிசாகிறது! நான்காம் தேதி "தண்ணீரைக் குறையுங்கள்" என்று எழுதியதைப் பால் காபிக்காரர்கள் இப்படித் திருத்திப் படியுங்கள்: ஒன்றுக்கு இரண்டு வரை குறையுங்கள், அதற்குக் கீழே போகவேண்டாம், அதன் பிறகு பாலைக் குறையுங்கள்.

நம் வீடுகளில் டிகாஷன் ஒரு பங்கு என்றால் பால் இரண்டு பங்கு, மிஞ்சிப்போனால் மூன்று. காபி ஷாப்பில் லாட்டே என்று தருவதில் 36 கிராமுக்கு 200 மில்லி பால், ஐந்து பங்குக்கு மேல். அந்தப் பழக்கத்தில் ஊற்றிவிட்டு மெஷினில் திடம் இல்லை என்றால் மெஷின் என்ன செய்யும்? 36 கிராமுக்கு 80, 90 மில்லி பால் ஊற்றுங்கள். டம்ளர் சின்னதாகத்தான் நிறையும். டம்ளரை மாற்றுங்கள்.

அப்புறம் ஸ்டீம். ஆவி பாலுக்குள் போய்த் தண்ணீராகிறது, அதன் சூடுதான் பாலைச் சூடாக்குகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை 65 டிகிரிக்குக் கொண்டுவர, பாலின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்ந்துவிடும். சின்ன மெஷின்களின் ஈர ஆவியில் இன்னும் கூடுதல். பாக்கெட் பாலைப் பிரித்து, ஒரு கரண்டித் தண்ணீரையும் நாமே ஊற்றுகிற வேலை இது. டோன்ட் பாலில் கொழுப்பு 3 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டு 4.5, ஃபுல் கிரீம் 6. தண்ணீர் சேர்வதற்கு முன்பே டோன்ட் மெலிசு.

மாமியார் வழி: ஃபுல் கிரீம் பாலை அடுப்பில் காய்ச்சி, பொங்கியதும் இறக்கி, நேராக எஸ்பிரெசோ மேல் ஊற்றி டவராவில் இரண்டு ஆற்று. நுரைக்கு நுரை, தண்ணீர் துளி சேரவில்லை. இரண்டாவது டம்ளர் அவர் கேட்டு வாங்கினார். மெஷினின் ஸ்டீம் குழாய் இப்போது எங்கள் வீட்டில் டம்ளர் சூடுபண்ணத்தான்.

8 ஜூலை

கல்யாண மண்டப "எஸ்பிரெசோ"வைப் பற்றி ஒருவர் ஏக்கத்தோடு எழுதியிருக்கிறார். அந்தப் பெரிய பளபள பாய்லர், அது போடும் சத்தம், மேலே தூவும் சாக்லேட் தூள், எல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே நடப்பது இன்ஸ்டன்ட் காபித்தூளையும் சர்க்கரையையும் அடித்து, அதில் பாலை ஆவியால் பொங்கவைப்பது. பொடி வழியாகத் தண்ணீர் போவதே கிடையாது.

ஆவிக்கு ஒரு பழைய பெருமை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். மிலானில் பெட்செரா என்பவர் 1901இல் காப்புரிமை வாங்கிய மெஷின் ஆவி அழுத்தத்தில்தான் ஓடியது, இரண்டு பாருக்குள். காபி கருகின வாசனையோடு வரும், மேலே நுரை கிடையாது. காஜியா என்ற இன்னொரு மிலான்காரர் 1940களில் லீவரும் ஸ்பிரிங்கும் வைத்து அழுத்தத்தை எட்டு ஒன்பது பாருக்குக் கொண்டுபோன பிறகுதான் அந்தப் பழுப்பு நுரையே வந்தது. 1961இல் ஃபேமா கம்பெனியின் E61 மெஷினில் மின் பம்ப். நம் வீட்டு மெஷின் அந்த வழியில் வந்தது, மண்டப பாய்லர் இல்லை.

9 ஜூலை

எந்தக் கொட்டை? இது தனி இழையாகவே ஓட வேண்டிய விஷயம், என் சாய்வை மட்டும் சொல்கிறேன்.

டிகாஷனில் வளர்ந்த நாக்குக்கு நூறு சதவீத அராபிகா இனக் கொட்டை, அதிலும் லேசான வறுப்பு, மெஷினில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். லேசான வறுப்பில் சத்து எளிதில் இறங்காது, வீட்டு மெஷினில் புளிப்புதான் முன்னால் வரும். பழ வாசனை, பூ வாசனை என்பார்கள், பாலில் அவ்வளவும் முழுகிவிடும். நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலே வறுத்தது, அதில் 20, 30 சதவீதம் ரொபஸ்டா இனம், இதுதான் என் கலவை. ரொபஸ்டாவில் காஃபின் ஏறக்குறைய இரண்டு மடங்கு, நுரை தடிமனாக நிற்கும், பாலுக்குள் குரல் அடங்காது. ரொபஸ்டா என்றால் மட்டம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு: இந்தியாவில் விளைவதில் பெரும்பகுதி ரொபஸ்டாதான், நம் காபியை அதிகம் வாங்கும் நாடு இத்தாலி. எஸ்பிரெசோ அவர்களுடைய பண்டம், அவர்களுக்கே கூச்சமில்லை. குடகு கழுவிய ரொபஸ்டா, 'காபி ராயல்' என்ற தரம், கிடைத்தால் விடாதீர்கள்.

பீபரி ஸ்ட்ராங் என்று கடையில் சொல்வார்கள். பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒற்றை விதை உருண்டையாக வளர்ந்தால் அது பீபரி. வறுக்கும்போது சீராக உருளும், அவ்வளவுதான். திடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வறுத்த தேதி பார்த்து வாங்குங்கள். நேற்று வறுத்ததும் உதவாது, உள்ளே வாயு நிறைந்திருப்பதால் நுரையாகப் பொங்கி ஓடிவிடும். ஒரு வாரம் பொறுத்து ஆரம்பித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடலாம். பொடிக்கடையில் நாம் வாய் திறப்பதற்குள் அரைக்கப் போட்டுவிடுவார்கள், ஆகவே உள்ளே நுழையும்போதே "புடி மாட பேடி, பீஜானே கொடி" (பொடியாக்க வேண்டாம், கொட்டையாகவே கொடுங்கள்) என்று கன்னடத்தில் சொல்லிவிடுவது என் வழக்கம். விசித்திரமாகப் பார்ப்பார்கள். பரவாயில்லை.

9 ஜூலை, பின்னிரவு

சிக்கரி கேட்டவருக்கு. கலப்புப் பொடியில் சட்டப்படி 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம், பாக்கெட்டில் அளவு போட்டிருக்கும். சிக்கரியில் காஃபின் இல்லை. காபியைவிட அதிகமாகக் கரையும், நிறமும் கனமும் தரும், ஃபில்டரில் நாம் "திடம்" என்று ரசிப்பதில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் ஒற்றை அடிக் கூடையில் அதைப் போட்டால் நனைந்து பிசுபிசுவென்று அடைத்துக்கொள்ளும், மெஷின் திணறும். அந்த ருசி வேண்டுமென்றால் சிக்கரியைத் தனியாக ஒரு சிட்டிகை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி டம்ளரில் சேருங்கள். நான் செய்து பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது, இத்தாலிக்காரர்களிடம் சொல்லாதீர்கள்.

11 ஜூலை

தண்ணீர். ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுகிறோம், மெஷினுக்கு நல்லதுதானே என்கிறார்கள். படிவு கட்டாது என்ற அளவில் நல்லது. ருசிக்கு நல்லதில்லை. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் இருந்தால் காபி சத்து நன்றாக இறங்கும், ஆர்.ஓ. உப்பை எல்லாம் உருவிவிட்ட தண்ணீரில் காபி சப்பென்று வரும். போர்வெல், டேங்கர் தண்ணீர் நேர் எதிர், ருசியும் கெடும், பாய்லரில் சுண்ணாம்பும் கட்டும். காவிரித் தண்ணீர் வரும் வீடாக இருந்தால் சாதாரண வடிகட்டி போதும். இல்லையென்றால் ஆர்.ஓ.வையும் குழாய்த் தண்ணீரையும் கலந்து, கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பார்த்து, 100க்கும் 150க்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

14 ஜூலை

ஒயிட்ஃபீல்டுக்காரர் திரும்பி வந்துவிட்டார். எடை மெஷினும் ஒற்றை அடிக் கூடையும் கைச்சுற்று கிரைண்டரும் வாங்கி, 36 கிராமில் நிறுத்தி, பாலை 90க்குக் குறைத்தாராம். "இப்போதுதான் காபி" என்கிறார். ஹோட்டல் மெஷின் யோசனையை வாபஸ் வாங்கியதில் அவர் வீட்டம்மாவுக்குத்தான் அதிக சந்தோஷமாம்.

இப்போது அடுத்த சந்தேகம்: ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் ஆறு பேர் வருகிறார்கள், எல்லோருக்கும் மெஷினில் போடுவது எப்படி?

போடாதீர்கள். ஆறு டபுள் என்றால் அரைத்து, கிளறி, அழுத்தி, கழுவி முடிக்க அரை மணி ஆகும், கடைசி ஆளுக்குக் கொடுப்பதற்குள் முதல் ஆள் கிளம்பிவிடுவார். முந்தின ராத்திரியே பெரிய ஃபில்டரில் டிகாஷன் இறக்கி வையுங்கள், பெங்களூரு குளிருக்கு வெளியிலேயே இருக்கட்டும். யாராவது மெஷினைப் பார்த்துவிட்டு அதில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், அவருக்கு மட்டும்.

கிரைண்டரை அவர் கையில் கொடுத்துச் சுற்றச் சொல்லுங்கள்.